கே-22 ரிவால்வரில் ஈயப் படிவு: குழலைத் தேய்ப்பதற்கு முன்

நான் வாங்கும்போதே அது பழைய துப்பாக்கி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 17, ஆறு அங்குலக் குழல், ப்ளூயிங் (துருவைத் தடுக்க எஃகின் மேல் ஏற்றும் கருநீலப் படலம்) செய்த எஃகு. 1957-இல் அந்த நிறுவனம் தன் ரிவால்வர்களுக்கு எண் கொடுக்கத் தொடங்கும் வரை இதன் பெயர் கே-22 மாஸ்டர்பீஸ். ஒஹாயோவில் நான் போகும் சுடுதளத்தில் வயதானவர்கள் இன்றைக்கும் கே-22 என்றுதான் சொல்கிறார்கள். .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா, சுழலும் சிலிண்டரில் ஆறு அறைகள். காகித இலக்கைத் தவிர வேறெதையும் இதால் சுட்டதில்லை, சுடும் எண்ணமும் இல்லை.

கோளாறு மெதுவாகத்தான் தலைகாட்டியது. ஐம்பது தோட்டா டப்பா ஒன்று காலியாகி, அடுத்த டப்பா பாதியாகும்போது டிரிகர் கனக்க ஆரம்பிக்கும். டபுள் ஆக்‌ஷனில் இழுத்தால், அதாவது டிரிகரை மட்டும் அழுத்திச் சுட்டால், சிலிண்டர் ஓரிடத்தில் தயங்கி நின்று, பிறகு சட்டென்று நகரும். அதற்கு மேலும் சுட்டால் கட்டைவிரலால் ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) பின்னால் இழுப்பதே பாடு. கூடவே இன்னொரு தொல்லை: ஆறில் ஒன்றிரண்டு தோட்டா முதல் அடிக்கு வெடிக்காது, அதையே இன்னொரு சுற்று கொண்டுவந்து அடித்தால் வெடிக்கும். பக்கத்து லேனில் நின்றவர் பார்த்துவிட்டு, ‘ஈயம் ஏறியிருக்கும், குழலை நன்றாகத் தேய்த்து எடு’ என்றார். இந்தத் துப்பாக்கிகளுக்கு எல்லோரும் சொல்லும் மருந்து அதுதான்.

ஈயம் என்பதில் அவர் சொன்னது சரி. குழல் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். குழலுக்குள் எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் சிலிண்டர் சுற்றுவதை அது எப்படித் தடுக்கும்? சிலிண்டர் குழலுக்குள் போவதே இல்லையே. ஆகவே பிரஷைக் கையில் எடுக்குமுன் எது எதை உரசுகிறது என்று பார்ப்பதில் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டேன். தேய்த்த நேரத்தைவிட அதுவே பயன்பட்டது.

.22 எல்.ஆர். தோட்டாவின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் படிவு எங்கே சேரும் என்பது தானாகவே விளங்கும். 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த தோட்டா இது. இதன் குண்டு, வெடிகூட்டின் வெளிவிட்டத்துக்குச் சமமான தடிமன் உள்ளது. அடிப்பகுதி மட்டும் சற்று ஒடுங்கி, கூட்டின் வாய்க்குள் செருகியிருக்கும். குண்டின் பெரும்பகுதி கூட்டுக்கு வெளியே இருப்பதால் மெழுகுப் பூச்சும் வெளியிலேயே இருக்கிறது. விரலில் ஒட்டும், பையில் கிடக்கும் தூசி அதில் ஒட்டும். குண்டு மெத்தென்ற ஈயம். மலிவான டப்பாக்களில் வரும் செம்பு நிறக் குண்டுகளில் இருப்பது கவசம் கிடையாது, மெல்லிய பூச்சு மட்டுமே. ரிம்ஃபயர் என்பதால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. அந்தக் கலவையிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம்தான். அதாவது குண்டிலிருந்து ஈயம் வருகிறது, புகையிலிருந்தும் வருகிறது.

ரைஃபிளில் அறையும் குழலும் ஒரே உலோகத் துண்டு. ரிவால்வரில் குண்டு சிலிண்டர் அறையிலிருந்து கிளம்பி, ஓர் இடைவெளியைத் தாண்டி, குழலின் பின்வாயில் நுழைய வேண்டும். அந்தப் பின்வாய் புனல் மாதிரி விரிந்திருக்கும், அதைத்தான் ஃபோர்சிங் கோன் என்கிறார்கள். குண்டு கொஞ்சம் கோணலாக வந்தாலும் அந்தச் சரிவு அதை நடுவுக்குத் தள்ளும். தள்ளும்போது ஈயம் வழிக்கப்படுகிறது. அதே நொடியில் சூடான வாயு இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பீறிடும். ஈயத் துணுக்கு, உருகிய மெழுகு, எரியாத தூள் எல்லாம் அதோடு சேர்ந்து சிலிண்டரின் முகப்பிலும், குழலின் பின் விளிம்பிலும், மேலே சட்டத்தின் அடிப்பக்கத்திலும் அப்பிக்கொள்ளும். இடைவெளி எவ்வளவு இருக்கும் என்கிறீர்கள்? இந்த வகைத் துப்பாக்கியில் 0.004-இலிருந்து 0.010 அங்குலம் வரை சாதாரணம். மில்லிமீட்டரில் 0.10 முதல் 0.25. தடித்த காகிதம் ஒன்று நுழையும் இடம். அதில் ஈயம் பூசினால் என்ன ஆகும்?

முதல் சோதனைக்கு ஒரு டார்ச்சும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கொத்து, எண்கள் அங்குலத்தில்) போதும். துப்பாக்கி காலி என்பதைச் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையிலும் விரல்நுனியால் தடவி உறுதி செய்தேன். தோட்டா டப்பாக்கள் வேறு அறையில், பூட்டிய பெட்டியில். வேலை நடக்கும் மேசை இருக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது. பிறகு சிலிண்டரை மூடி, பின்னால் வெள்ளைக் காகிதத்தில் டார்ச் அடித்து, இடைவெளியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். ஒவ்வோர் அறையாகச் சுற்ற, வெளிச்சக் கீற்று சில அறைகளில் மெல்லிதாகத் தெரிந்தது, இரண்டு அறைகளில் தெரியவே இல்லை. ஃபீலர் கேஜில் 0.002 தகடு சில அறைகளில் மல்லுக்கட்டி நுழைந்தது. கீற்று தெரியாத இரண்டில் அதுவும் நுழையவில்லை.

இங்கேயே முடிவுக்கு வந்துவிடலாம்தான். ஆனால் சிலிண்டர் இறுகுவதற்கு இன்னும் காரணங்கள் உண்டு, அவையும் வெளியிலிருந்து இதே மாதிரிதான் தெரியும். வெறும் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டரின் அடியில் எரியாத தூள் நாலு துகள் மாட்டினால் போதும், நட்சத்திரம் முழுதாக உட்காராது, சிலிண்டர் பின்பக்கம் உரசும். அந்த நட்சத்திரத்தைத் தள்ளும் தண்டான எஜெக்டர் ராட் வளைந்திருந்தால் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் கனக்கும். சிலிண்டரைத் திறந்து வைத்துச் சுண்டிவிட்டு ராட்டின் முனை ஆடுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ராட்டின் திருகு தளர்ந்து நீண்டிருந்தாலும் சிக்கும். அறையில் அழுக்குச் சேர்ந்து தோட்டா முழுதாக இறங்காவிட்டால், அதன் விளிம்பு பின்னால் துருத்திக்கொண்டு சட்டத்தில் உரசும்.

என் துப்பாக்கியில் ராட் நேராக இருந்தது, திருகும் இறுக்கம். நட்சத்திரத்தின் அடியில் மஞ்சள்-பச்சைத் துகள்கள் கொஞ்சம். ஆனால் கடைசிக் காரணம் நிச்சயம் இருந்தது. சுடுதளத்தில் அன்றே கவனித்திருந்தேன்: ஆறில் சில அறைகளில் தோட்டா கடைசிச் சிறு தூரம் தானாக விழாமல் கட்டைவிரலால் அழுத்த வேண்டியிருந்தது. முதல் அடிக்கு வெடிக்காத ரகசியமும் அதுவே. துருத்தி நிற்கும் தோட்டாவை அடிக்கும்போது ஃபயரிங் பின்னின் விசை அதை முன்னால் தள்ளி உட்காரவைப்பதில் செலவாகிவிடுகிறது, விளிம்பை நசுக்கப் போதுமான பலம் மிஞ்சுவதில்லை. இரண்டாம் அடிக்குள் தோட்டா உட்கார்ந்துவிட்டது, வெடிக்கிறது. அடிக்கும் ஸ்பிரிங் பலவீனம் என்று நினைத்து அதை மாற்றப் போகிறவர்கள் முதலில் அறையைப் பார்க்கட்டும்.

ஆக, வேலைக்கு மூன்று இடங்கள்: இடைவெளி, அறைகள், நட்சத்திரம். குழல் நாலாவது.

வேலையைச் சொல்லுமுன் ஈயத்தைப் பற்றி. துப்பாக்கி கெட்டால் இன்னொன்று வாங்கலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இந்தச் சாம்பல் நிறத் தூசியை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-இல் அளவைக் குறைத்தது. முன்பு அது 5. பாதுகாப்பான அளவு என்று ஒன்று குழந்தைகளுக்கு இல்லவே இல்லை என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கிப் பாகம் எதுவும் வரக் கூடாது என்பது மனைவி போட்ட சட்டம், நியாயமான சட்டம். வேலை முழுக்க கேரேஜில், கதவைத் திறந்து வைத்து. கீழே பழைய பேக்கிங் தட்டு, அதன்மேல் செய்தித்தாள். கையில் நைட்ரைல் கையுறை. காபிக் கோப்பை கேரேஜுக்குள் வராது.

உலர்ந்த இடத்தைத் தேய்ப்பதில்லை. எதையும் எண்ணெயோ கரைப்பானோ விட்டு ஈரமாக்கிய பிறகே பிரஷ் தொடும், அப்போது தூசி பறக்காது. காற்றழுத்தக் குழாயால் ஊதுவதும், பிரேக் கிளீனரைப் பீய்ச்சி அடிப்பதும் பார்க்க வேகமாகத் தெரியும்; உண்மையில் ஈயத்தை அறை முழுக்கத் தெளிக்கும் வேலை அது. பாத்திரம் கழுவும் மெஷினில் சிலிண்டரைப் போட்டு எடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது அந்த வீட்டில் சாப்பிடப் போகும் விருந்தாளியை நினைத்துத்தான் கவலை.

இன்னொன்று, வெள்ளை வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சமமாகக் கலந்து அதில் ஊறவைக்கும் முறை. ஈயம் நிமிடங்களில் கரையும், உண்மைதான். கரைந்து என்னவாகிறது? ஈய அசிட்டேட். நீரில் கரையும் நஞ்சு. உலோகமாகக் கிடக்கும் ஈயத்தைவிட உடம்பில் எளிதாக ஏறும். ப்ளூயிங்கையும் சேர்த்தே உரித்துவிடும். பத்து நிமிட வசதிக்காக ஒரு குவளை விஷத்தைத் தயாரித்து, பிறகு அதை எங்கே கொட்டுவது என்று விழிப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அந்தக் காலத்தில் குழலுக்குள் பாதரசம் ஊற்றிக் குலுக்கியவர்களும் உண்டு. அதையும் செய்யாதீர்கள்.

சிலிண்டரைக் கழற்றுவது இந்தத் துப்பாக்கியில் எளிது. வலப்பக்கத் தகட்டில் டிரிகர் கார்டுக்கு மேலே, முன்பக்கமாக இருக்கும் திருகை எடுத்தால், சிலிண்டரைத் தாங்கும் கை முன்னால் நழுவி வந்துவிடும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்காரர்கள் அதை யோக் என்பார்கள், கோல்ட்காரர்கள் கிரேன் என்பார்கள். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையாகத் தீட்டிய ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். வீட்டில் கதவுத் தாழ்ப்பாளுக்கு வைத்திருக்கும் ஆப்பு வடிவ ஸ்க்ரூடிரைவரால் திறந்தால் திருகின் தலை சிதையும், அதைப் பார்த்தே அடுத்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். அந்த ஒரு திருகை எடுத்ததும் தனி டப்பாவில் போட்டேன். அது யோக்குக்காகவே தேய்த்துப் பொருத்தியது. தகட்டின் மற்றத் திருகுகளோடு கலந்துவிடக் கூடாது. திறந்த சிலிண்டரோடு யோக்கை முன்னால் இழுக்க, சிலிண்டர் தனியே கையில் வந்தது.

எஜெக்டர் ராட்டை நான் கழற்றவில்லை. நட்சத்திரத்தை வெளியே தள்ளிப் பிடித்தாலே அடியைச் சுத்தம் செய்யலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு விஷயம்: சுட்ட வெறும் கூடுகளை அறைகளில் போட்டுக்கொண்டு திருக வேண்டும், இல்லாவிட்டால் நட்சத்திரத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் சின்ன முளைகள் வளையும். அடுத்து, திருகும் திசை. 1960-ஐ ஒட்டி இந்த ராட்டின் மரை இடப்பக்கச் சுற்றாக மாறியது. சிலிண்டர் சுற்றும் திசையில் பழைய மரை தளர்ந்துகொண்டே போனதுதான் அதற்குக் காரணம். உங்கள் துப்பாக்கி எந்தக் காலத்தது என்று தெரியாமல் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

குழலின் பின் விளிம்பைச் சட்டத்தின் ஜன்னல் (சிலிண்டர் இருந்த திறப்பு) வழியே பார்த்ததும் கேள்விக்கு விடை கிடைத்தது. எஃகு தெரியவேண்டிய இடத்தில் மங்கிய சாம்பல் நிறத்தில் மேடு. விளிம்பைச் சுற்றி அது வளர்ந்து, சிலிண்டர் முகப்பு உரசி உரசி அதன் ஒரு பகுதி பளபளப்பாகித் தேய்ந்திருந்தது. நகத்தால் தொட்டால் வழுவழுப்பு. கரியாக இருந்தால் கறுப்பாக, பொடியும்படி இருக்கும். ஈயம் மங்கிய வெள்ளியாக, கீறினால் பளிச்சென்று மின்னும்.

முதலில் க்ரோயில் என்ற ஊடுருவும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். இந்த எண்ணெய் ஈயத்தைக் கரைக்காது. ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவே ஊர்ந்து போய்ப் பிடியைத் தளர்த்தும், அவ்வளவே. ஹாப்பீஸ் நம்பர் 9 என்ற, 1903-இலிருந்து விற்கும் கரைப்பானை ஈயத்துக்கும் சர்வரோக நிவாரணியாக நம்புகிறவர்கள் நிறைய. கரிக்கு அது அருமையான மருந்து, ஈயத்துக்கு ஊறவைக்கும் உதவி மட்டும். அதன் வாசனைக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் அந்தக் கட்சி.

சுரண்டுவதற்கு எஃகுக் கருவி எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. பித்தளை எஃகைவிட மெத்து, ஈயத்தைவிடக் கடினம். இந்த வேலைக்குப் பிறந்த உலோகம். பெரிய ரைஃபிளின் சுட்ட பித்தளைக் கூடு ஒன்று கிடந்தது, அதன் வாயைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, நுனியை அரத்தால் நேராக்கினேன். காசில்லாமல் கிடைத்த உளி. அதைக் குழல் விளிம்பில் பதித்து மெதுவாகத் தள்ள, ஊறிய ஈயம் சுருள் சுருளாக உரிந்து வந்தது, பென்சில் சீவும்போது வருவதுபோல. மேலே சட்டத்தின் அடிப்பக்கத்திலும் அதே உளி. அங்கே மூலைகளில் இருந்த கடைசிச் சாம்பலை விட்டுவிட்டேன். அது எதையும் உரசாத இடம்.

ஃபோர்சிங் கோனுக்குச் செம்பு இழை. பாத்திரம் தேய்க்கும் செம்புச் சுருள் கடையில் கிடைக்கும், ஆனால் எல்லாம் செம்பல்ல. எஃகுக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில் பக்கத்திலேயே தொங்கும். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது துப்பாக்கிப் பக்கமே வரக் கூடாது. காந்தம் ஒட்டாத சுருளிலிருந்து கொஞ்சம் இழையைக் கத்தரித்து, தேய்ந்துபோன பழைய .22 வெண்கல பிரஷில் இறுக்கமாகச் சுற்றி, க்ரோயிலில் நனைத்து, கிளீனிங் ராட்டின் ஒரே ஒரு துண்டை மட்டும் கைப்பிடியாகப் பூட்டி, ஜன்னல் வழியே கோனுக்குள் வைத்துக் கையால் சுழற்றினேன். சில சுழற்சிக்கு ஒரு முறை எடுத்துத் துடைத்துப் பார்த்தால், துணியில் மினுமினுப்பான செதில்கள். செதில் வருவது நின்றதும் நானும் நிறுத்தினேன்.

பெரிய குழல்களுக்கு லூயிஸ் லெட் ரிமூவர் என்று ரப்பர் முனையும் பித்தளை வலையும் கொண்ட கருவி உண்டு, .38-க்கும் .45-க்கும் அதற்கு நிகரில்லை. .22-இன் ஒடுங்கிய வாய்க்கு இந்தச் செம்பு இழைதான்.

கோனைச் சுத்தம் செய்யுமுன் ஒரு விஷயம் பார்த்து வைத்திருந்தேன். ஈயம் கோனைச் சுற்றிச் சமமாகப் படிந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் தடிமனாக இருந்தால் அறையும் குழலும் நேராக நிற்கவில்லை என்று பொருள், எவ்வளவு தேய்த்தாலும் திரும்ப வரும். சுத்தம் செய்துவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்துவிடும் என்பதால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. எனக்குச் சமமாகத்தான் இருந்தது.

சிலிண்டரின் முகப்பில்தான் பலரும் தவறிப் போகிறார்கள். ஒவ்வோர் அறையின் வாயைச் சுற்றியும் கறுப்பு வளையங்கள் இருக்கும். அவை வாயு சுட்ட தழும்பு, துப்பாக்கியின் ஓட்டத்துக்கு அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. அடுத்த முறை ஆறு தோட்டா சுட்டதும் திரும்ப வரும். அவற்றைப் போக்க ஈயம் எடுக்கும் மஞ்சள் துணி என்று விற்பதை வாங்கித் தேய்த்தால் வளையம் போகும், ப்ளூயிங்கும் கூடவே போகும். துருப்பிடிக்காத எஃகுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு அந்தத் துணி பரவாயில்லை. என்னுடையதில் ஈரமான வெண்கல பிரஷும், கொஞ்சம் மேடாக இருந்த ஈயத்துக்குப் பித்தளை உளியும் போதுமானதாக இருந்தது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படவில்லை என்றால் முகப்பு வேலை முடிந்தது. வளையங்கள் அப்படியே இருக்கின்றன, இருக்கட்டும்.

அறைகளில் வேறு கதை. அங்கே ஈயத்தோடு மெழுகும் கரியும் சேர்ந்து பிசினாக, கூட்டின் வாய் முடியும் இடத்தில் வளையமாகப் படிந்திருந்தது. முந்தைய சொந்தக்காரர் .22 ஷார்ட் தோட்டாவும் சுட்டிருப்பார் போல. அதன் கூடு எல்.ஆர். கூட்டைவிட ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் குட்டை, ஆகவே அழுக்கு வளையம் அறையின் நடுவிலேயே விழும். பிறகு நீளமான எல்.ஆர். கூட்டைப் போட்டால் அந்த வளையத்தில் இடித்து நிற்கும். என் துப்பாக்கியில் இரண்டு வளையமுமே தெரிந்தது. இதற்கு .22 பிரஷ் தளர்வு. ஓரளவு பெரியதான .243 பிரஷைக் கரைப்பானில் நனைத்து, பின்பக்கமிருந்து நுழைத்து, சுழற்றியபடியே முழுவதும் வெளியே தள்ளினேன். வெண்கல பிரஷைப் பாதி வழியில் பின்னிழுக்கக் கூடாது, நார்கள் மடங்கி மாட்டிக்கொள்ளும். எஃகு நார் பிரஷ் கடையில் இருக்கும், அறையின் சுவரைக் கீறும் அதை யார் வாங்குகிறார்களோ தெரியவில்லை. ஊறவைத்துத் தேய்ப்பதும் துடைப்பதும் மாறி மாறி நடந்தது. கடைசியில் சுட்ட கூடு ஒன்றைப் போட்டுப் பார்க்காமல், பேட்ச் (துடைக்கும் சின்னத் துணித் துண்டு) வெள்ளையாக வருவதையும் அறையின் சுவர் டார்ச் வெளிச்சத்தில் ஒரே மாதிரி தெரிவதையும் அளவாக வைத்துக்கொண்டேன். சுட்ட கூடு வீங்கியிருக்கும், அது எந்த அறையிலும் இடிக்கத்தான் செய்யும். நிஜத் தோட்டாவைப் போட்டுப் பார்ப்பது சுடுதளத்தில் செய்ய வேண்டியது, மேசையில் அல்ல.

நட்சத்திரத்தின் அடிக்கு ஒரு பழைய பல் பிரஷ். சிவப்பு டேப் சுற்றி, கேரேஜ் டப்பாவில் மட்டுமே வாழும் பல் பிரஷ் அது.

இனி குழல். துப்பாக்கிக் குழலுக்குள் விட்டுப் பார்க்கும் சின்ன கேமரா இப்போது போனில் மாட்டும்படி மலிவாகக் கிடைக்கிறது. வாங்காமல் இருப்பது மன அமைதிக்கு நல்லது. எந்தக் குழலும் அதில் சாக்கடை மாதிரிதான் தெரியும். நான் ஜன்னலில் வெள்ளைக் காகிதத்தைச் சாய்த்து வைத்து முன்வாயிலிருந்து பார்த்தேன். கோனை ஒட்டிய முதல் அரை அங்குலத்தில் மங்கிய கோடுகள், அதற்கு மேல் பளிச்சென்ற வரிகள். அவ்வளவுதான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை: இந்தத் தோட்டாவின் அழுத்தமும் வேகமும் குறைவு, மெழுகும் இருக்கிறது. தடித்த ஈயப் படலம் பெரிய ரிவால்வர்களின் நோய். ரிம்ஃபயர் போட்டிகளில் சுடுகிறவர்கள் பலர் குழலைச் சீக்கிரம் தொடவே மாட்டார்கள். மெழுகு ஒரே சீராகப் படிந்த குழல் அவர்களுக்கு வேண்டும்.

ரிவால்வர் குழலைப் பின்னாலிருந்து ராட் விட்டுச் சுத்தம் செய்ய முடியாது, சட்டம் மறிக்கும். முன்வாயிலிருந்து விட்டால் ராட் உரசி வாயின் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது, அங்கே தேய்ந்தால் குறி சிதறும். இதற்கு ஒரு நல்ல வழி, புல் வெட்டும் மெஷினில் சுழலும் நைலான் கயிறு. ஓர் அடிக்குமேல் வெட்டி, ஒரு நுனியை லைட்டரில் காட்டிக் குமிழாக்கி, மறுநுனியைக் கூராகச் சீவிக்கொள்ள வேண்டும். கூர்நுனியைப் பேட்ச் துணியின் நடுவில் குத்தி, ஜன்னல் வழியே குழலுக்குள் விட்டு முன்னால் இழுத்தால், குண்டு போகும் திசையிலேயே துணி போகும், எஃகு எதையும் தொடாது. க்ரோயில் தோய்த்த பேட்ச், கொஞ்சம் காத்திருப்பு, கோனிலிருந்து செம்பு இழை பிரஷ் சிறிது தூரம், பிறகு உலர்ந்த பேட்ச்கள். நாலைந்து வெள்ளிச் செதில்கள் வந்தன. கோடுகள் மறைந்தன.

எல்லாவற்றையும் துடைத்து, யோக்கின் தண்டில் ஒரு துளி எண்ணெய் மட்டும் விட்டுப் பூட்டினேன். அதிகமாக விட்டால் அதுவே அழுக்கைப் பிடிக்கும் பசை. திருகை இறுக்கியதும் ஃபீலர் கேஜ். 0.006 தகடு ஆறு அறையிலும் சிரமமில்லாமல் நுழைந்தது, 0.007 நுழையவில்லை. ஆக, இந்தத் துப்பாக்கியின் உண்மையான இடைவெளி 0.006. ஈயம் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தின்றிருக்கிறது. இந்த எண்ணைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இனிமேல் இறுக்கம் வந்தால் கேஜ் சொல்லும், யாரும் ஊகிக்க வேண்டாம்.

சுத்தமான துப்பாக்கியில் இன்னொரு சோதனையும் செய்தேன். சிலிண்டரில் விரலை லேசாக வைத்துத் தடுத்தபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுத்தால், ஹேமர் நிற்குமுன் சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் பூட்டின. ஒன்று பூட்டாமல் ஒரு மயிரிழை பின்தங்கியது. விரலை எடுத்துவிட்டு வழக்கமான வேகத்தில் இழுத்தால் அதுவும் சரியாகப் பூட்டுகிறது. ஹேமரைக் கட்டைவிரலால் பிடித்தே இறக்கினேன்: ரிம்ஃபயரில் வெற்று அறையில் அடிக்கவிட்டால் பின் நேராக அறையின் விளிம்பு எஃகில் போய் மோதிப் பள்ளம் போடும், பிறகு தோட்டா நுழைவதே தகராறாகும்.

சுடுதளத்தில் முதல் வேலையாகத் தோட்டாக்களை அறைகளில் விட்டுப் பார்த்தேன். ஆறும் தம் எடையிலேயே விளிம்பு வரை இறங்கின. முதல் அடிக்கு வெடிக்காதது ஒன்றுகூட இல்லை. முதல் டப்பா ஒரே நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா, மெழுகு பூசிய வெறும் ஈயக் குண்டு. டிரிகர் கடைசிவரை ஒரே கனம். முதல் சில குண்டுகள் இலக்கில் கொஞ்சம் அலைந்தன, பிறகு கூடின. துடைத்த குழலில் மெழுகு திரும்பப் படியும் வரை அப்படித்தான். அடுத்து, வழக்கமாக நான் சுடும் மொத்த டப்பா ரகம், செம்புப் பூச்சு, அதிவேகம். அது முடிந்தபோது கேஜில் 0.005 நுழைந்தது, 0.006 நுழையவில்லை. அந்த ரகத்தை வீண் என்று சொல்ல மாட்டேன், டப்பா காலியாகும்வரை சுடத்தான் போகிறேன். ஆனால் அதைச் சுட்ட நாளில் வீட்டுக்கு வருமுன் குழல் விளிம்பில் எண்ணெய்த் துளி விட்டு பிரஷால் தேய்த்துவிடுவேன். ஈயம் புதிதாக இருக்கும்போது ஒரு நிமிட வேலை. காய்ந்து அடுக்கடுக்காகச் சேர்ந்தால்தான் உளி தேவைப்படும். நட்சத்திரத்தின் அடியை ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு முறை, துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்துக் கூடுகளைத் தள்ளிய கையோடு தட்டிவிடுகிறேன். கூடுகளை அப்படித் தள்ளினால் எரியாத தூள் நட்சத்திரத்தின் அடியில் புகாமல் கீழே கொட்டிவிடும்.

பின்தங்கும் அந்த ஓர் அறைக்காகத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். குழலுக்குள் அளவுக் கம்பியை விட்டு ஆறு அறையையும் சோதித்தார், கம்பி எங்கும் இடிக்கவில்லை. சிலிண்டரைச் சுழற்றும் உறுப்பு தேய்ந்திருக்கிறது, இன்னும் மாற்றும் நேரம் வரவில்லை, சாதாரண வேகத்திலும் பூட்டாமல் போனால் கொண்டு வா என்றார். அது உள்ளே திறந்து அரம் போட்டுப் பொருத்தும் வேலை, கேரேஜ் மேசையில் நான் அதைத் தொடப் போவதில்லை.

செய்தித்தாள், பேட்ச்கள், செம்பு இழை, கையுறை எல்லாம் தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, ‘ஈயம்’ என்று எழுதி, கேரேஜ் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. கவுன்டியில் வீட்டு அபாயக் கழிவு சேகரிக்கும் நாளில் பழைய பெயின்ட் டப்பாக்களோடு அதுவும் போகும். மேசையையும் தட்டையும் ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் போட்டாயிற்று. கை கழுவ ஈயத்துக்கென்றே விற்கும் சோப்பு, குளிர்ந்த தண்ணீர். போட்டிருந்த சட்டை தனியாகத் துவைக்கப் போனது.